மதுக்கடைக்கு எத்தனை கார் நிறுத்த இடம் போதும்? கணக்கு எங்கே தொடங்க வேண்டும்

ஓர் இடத்தில் புதிதாக மதுக்கடை வரப்போகிறது என்று அறிவிப்பு ஒட்டிவிட்டால், அக்கம்பக்கத்தில் இருந்து எழுத்தில் வரும் ஆட்சேபங்களில் பார்க்கிங் கட்டாயம் இருக்கும். மது வேண்டாம் என்பது பலருக்கு மனசாட்சி சார்ந்த விஷயம், அதை நகரமைப்பு அலுவலகம் எடைபோட முடியாது. கார் எண்ணிக்கையை எடைபோட முடியும். அதனால் உள்ளே இருக்கும் எல்லாக் கவலையும் பார்க்கிங் என்ற ஒரே கதவு வழியாக வெளியே வருகிறது. எதிர்த்தரப்பில் கடை போடுகிறவர் என்ன செய்கிறார்? "விதிப்படி 13 இடம் வேண்டும், 13 கோடு போட்டிருக்கிறோம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு முடித்துக்கொள்கிறார். இரண்டு பக்கமும் உண்மையான கேள்வியைத் தொடவே இல்லை. வழக்கமான வாரத்தின் மிகவும் கூட்டமான அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி வரும், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கும், கோடு போட்ட இடங்களில் எத்தனை உண்மையில் உபயோகப்படும்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் "போதுமான பார்க்கிங்" என்று சொல்ல முடியும்.

விதிப்புத்தகத்தில் இருக்கும் விகிதங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பலர் அவற்றை அறிவியல் முடிவு போல நினைக்கிறார்கள். கட்டடத்தோடு சேர்த்து இத்தனை கார் இடம் கட்டாயம் என்ற விதி அமெரிக்காவில் 1923-ல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில் அடுக்குமாடி வீடுகளுக்காகத் தொடங்கியது. 1939-ல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரம் அதை ஓட்டலுக்கும் மருத்துவமனைக்கும் நீட்டியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கார்கள் பெருகப் பெருக, பக்கத்து ஊர் என்ன வைத்திருக்கிறதோ அதையே எடுத்து எழுதிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. போக்குவரத்துப் பொறியாளர்கள் சங்கம் வெளியிடும் பார்க்கிங் கையேடுதான் இன்றும் பல நாடுகளில் ஆதாரமாகக் காட்டப்படுகிறது. டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் அந்தக் கையேட்டின் 1987 பதிப்பில் துரித உணவகத்துக்கான பக்கத்தை எடுத்துக் காட்டினார்: 1,000 சதுர அடிக்கு 9.95 கார் இடம் என்று இரண்டு தசமத் துல்லியத்தோடு இருந்தது, ஆனால் கட்டடப் பரப்புக்கும் கார் எண்ணிக்கைக்கும் இருந்த தொடர்பைக் காட்டும் புள்ளியியல் அளவு வெறும் 0.038. அதாவது பரப்பைத் தெரிந்துகொண்டு கார் எண்ணிக்கையை ஊகிக்க ஏறக்குறைய வழியே இல்லை. ஓர் இடத்துக்கு எத்தனை வண்டி வந்துபோகும் என்று சொல்லும் பயணக் கணக்குக் கையேட்டில் மதுக்கடைக்கும் 899 என்று தனிக் குறியீட்டு எண் உண்டு. அதன் கீழே இருக்கும் விகிதத்தை எடுத்துப் பரப்பால் பெருக்கி அறிக்கை முடித்துவிடுவது சுலபம். அதே பரப்புள்ள இரண்டு கடைகளில் ஒன்று நெடுஞ்சாலை ஓரத்திலும் இன்னொன்று நெருக்கமான குடியிருப்பின் நடுவிலும் இருந்தால் அந்தப் பெருக்கல் இரண்டுக்கும் ஒரே விடையைத் தரும், அதுதான் பிரச்சினை.

அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-லும் கனடாவின் எட்மன்டன் 2020-லும் குறைந்தபட்சப் பார்க்கிங் விதியை எடுத்துவிட்டன. அப்படிப்பட்ட ஊர்களில் வேலை குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். விதியில் எண் இருந்தவரை அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். எண் போனபிறகு கடைக்காரர் தன் தேவையைத் தானே கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி, கணக்குக்கு முன்னால் ஒரு சின்னத் தகராறைத் தீர்த்துவிடலாம். பாட்டிலை வாங்கிக்கொண்டு போகும் கடையும் உட்கார்ந்து குடிக்கும் பாரும் பார்க்கிங் விஷயத்தில் சொந்தமே இல்லாதவை. பாரில் ஒரு கார் ஒன்றரை இரண்டு மணி நேரம் நிற்கும், கடையில் சில நிமிடங்கள்தான். ஆனால் சில ஊர்களின் விதியில் சில்லறை மதுக்கடைக்குத் தனி வரி இருக்காது, அப்போது யாராவது ஒருவர் "மது" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு பாருக்கான விகிதத்தைப் போட்டுவிடுவார், தேவை மூன்று மடங்காக எகிறிவிடும். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இங்கே மது அருந்த அனுமதி இல்லை, விற்பனை மட்டும்தான் என்று உரிமத்தின் வகையோடு சேர்த்து எழுதிவிட வேண்டும். பரப்பிலும் இதே குழப்பம் வரும். பீர் வைக்கும் குளிர் அறை, பின்னால் இருக்கும் சரக்கு அறை, அலுவலகம் எல்லாம் சேர்ந்து மொத்தப் பரப்பில் கணிசமான பங்கைச் சாப்பிட்டுவிடும். வாடிக்கையாளர் கால் வைக்காத இடம் காரை இழுப்பதில்லை. உங்கள் ஊர் விதி மொத்தப் பரப்பைச் சொல்கிறதா, வாடகைப் பரப்பைச் சொல்கிறதா, விற்பனைப் பரப்பைச் சொல்கிறதா என்று பார்த்து, வரைபடத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறித்துக் காட்டுங்கள்.

இனி கணக்கு. ஒரு நேரத்தில் சராசரியாக எத்தனை வண்டி நிற்கும் என்பதற்கு மிக எளிய சூத்திரம் உண்டு: மணிக்கு வரும் வண்டிகளின் எண்ணிக்கையை, ஒரு வண்டி நிற்கும் சராசரி நேரத்தால் பெருக்க வேண்டும். 1961-ல் ஜான் லிட்டில் இதற்குக் கணித நிரூபணம் கொடுத்தார், அதனால் லிட்டில் விதி என்று பெயர். உதாரணத்துக்கு 250 சதுர மீட்டர் கடை என்று வைத்துக்கொள்வோம். விதி 20 சதுர மீட்டருக்கு ஒன்று என்று சொன்னால் 12.5, அதை மேலே ஏற்றி 13 இடம். மனையில் 12 இடம்தான் வருகிறது, ஒரு இடத்துக்குத் தளர்வு கேட்க வேண்டும். கூட்டமான மணி நேரத்தில் 36 வண்டி வருகிறது, ஒவ்வொன்றும் சராசரியாக 10 நிமிடம் நிற்கிறது என்றால் 36-ஐ ஆறில் ஒரு மணி நேரத்தால் பெருக்க, 6 கார்.

பலரும் இங்கேயே நிறுத்திவிட்டு, "பாருங்கள், 6 போதும், நாங்கள் 12 தருகிறோம்" என்று பெருமையாக எழுதிவிடுகிறார்கள். இது தவறு. 6 என்பது சராசரி. வண்டிகள் வரிசை கட்டிச் சம இடைவெளியில் வருவதில்லை, சில நிமிடம் யாரும் வரமாட்டார்கள், அப்புறம் திடீரென்று நான்கு பேர் சேர்ந்தாற்போல் திரும்புவார்கள். சராசரி 6 என்றால், அந்த மணி நேரத்தில் ஏறக்குறைய 40 சதவீத நேரம் 6-க்கு மேல் வண்டி நிற்கும். இப்படித் தற்செயலாக வரும் வருகைகளுக்குப் புள்ளியியலில் பாய்சான் பரவல் என்று ஒரு முறை இருக்கிறது. அதன்படி 95 சதவீத நேரம் எல்லோருக்கும் இடம் கிடைக்க வேண்டுமென்றால் 10 இடம் தேவை. ஊழியர்களின் கார் 2 சேர்த்தால் 12. மனையில் இருப்பதும் 12. இப்போது நீங்கள் தளர்வு கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது: விதி கேட்கும் 13-க்கும் தேவைக்கும் இருக்கும் வித்தியாசத்தை உங்களால் விளக்க முடியும்.

ஆனால் அந்த 10 நிமிடம் எங்கிருந்து வந்தது? நான் எந்த அறிக்கையைப் படித்தாலும் முதலில் தேடுவது இதைத்தான். 10 நிமிடம் 12 ஆனால் சராசரி 7.2 ஆகிவிடும், அதே 95 சதவீதத்துக்கு 12 இடம் வேண்டும், ஊழியர்களோடு 14. இரண்டே நிமிட வித்தியாசம் இரண்டு கார் இடத்தைத் தின்றுவிடுகிறது, தளர்வு விண்ணப்பமும் கூடவே கவிழ்ந்துவிடும். அந்த இரண்டு நிமிடம் எங்கே போகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் கல்லாவுக்கு முன்னால் உள்ள வரிசையில். மாலை ஆறு மணிக்கு ஒரே ஒரு ஆள் பில் போடுகிறார், வயதுச் சான்று பார்க்க வேண்டும், ஒருவரிடம் அட்டை வேலை செய்யவில்லை, இன்னொருவர் பெட்டியில் ஒரு பாட்டில் மாற்றிக் கேட்கிறார்; பின்னால் நிற்கும் ஐந்து பேருடைய கார்களும் வெளியே கோட்டுக்குள் காத்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே கூட்ட நேரத்தில் இரண்டாவது கல்லாவைத் திறந்து வைப்பது ஒரு பார்க்கிங் நடவடிக்கைதான். இதைக் கடையை நடத்துவது பற்றிய சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாமல் அறிக்கையில் வாக்குறுதியாகவே எழுதலாம், தார் போட்டு இரண்டு இடம் கூட்டுவதைவிட இது மலிவு. அதேபோல ஒயின் சுவைத்துப் பார்க்கும் மேசை வைப்பதாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுவைத்துப் பார்க்கிறவர் 10 நிமிடத்தில் கிளம்பமாட்டார்.

நிற்கும் நேரத்தை அளக்க ஒரே வழி, ஏற்கெனவே நடக்கும் இதே மாதிரிக் கடையில் போய் எண்ணுவது. பரப்பு, சுற்றுப்புறம், சாலை வகை, நடந்து வருகிறவர்களின் அளவு, திறந்திருக்கும் நேரம் இவை ஓரளவு பொருந்த வேண்டும். வெள்ளி, சனி மாலைகளில் எண்ண வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்கு எண்ணிக் கொண்டுவரும் அறிக்கைக்கு எந்த மதிப்பும் இல்லை. எண்ணும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அலுவலக வளாகம், மருத்துவமனை போன்ற இடங்களில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவந்து நிற்கும் கார்களைக் குறித்துக்கொள்வார்கள், அங்கே அது போதும். மதுக்கடையில் 5.02-க்கு வந்து 5.11-க்குக் கிளம்பிய கார், 5 மணிச் சுற்றிலும் இருக்காது 5.15 சுற்றிலும் இருக்காது. வருகையின் எண்ணிக்கை குறைந்து காட்டும், நடுவில் வந்துபோன உச்சமும் தப்பிவிடும். நுழைவாயிலில் ஒருவர் உட்கார்ந்து, வண்டி எண்ணின் கடைசி நான்கு எழுத்தோடு உள்ளே வந்த நிமிடத்தையும் வெளியே போன நிமிடத்தையும் எழுதுவதுதான் சரியான வழி. அதோடு உள்ளே இடமில்லாமல் திரும்பிப் போன வண்டிகளையும் சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்து வந்தவர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நெருக்கடியான கடையை எண்ணிவிட்டுத் தேவை குறைவு என்று முடிவு செய்துவிடுவோம்.

எந்த நாளுக்காகத் திட்டமிடுவது என்பதில் எதிர்ப்பவர்களும் கடைக்காரரும் அடிக்கடி முட்டிக்கொள்கிறார்கள். புத்தாண்டுக்கு முந்தின மாலையில் வரும் கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்று ஒரு தரப்பு, சராசரி நாளுக்குப் போதும் என்று இன்னொரு தரப்பு. ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாளுக்காக நிரந்தரமாகத் தார் போடுவதை எந்தப் பொறியியல் நடைமுறையும் கேட்பதில்லை. அதே நேரத்தில் வாராவாரம் வரும் வெள்ளி மாலை விதிவிலக்கும் இல்லை. வழக்கமான வாரத்தின் உச்ச மணி நேரத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, பண்டிகைக்கு முந்தின நாட்களுக்கு வேறு ஏற்பாடு சொல்வதுதான் நியாயம்: நுழைவாயிலில் வழிகாட்ட ஓர் ஆள், ஊழியர்கள் அன்று கார் கொண்டுவராமல் இருப்பது, சரக்கு வண்டியை முந்தின நாளே வரவழைப்பது.

சாலையோர இடத்தைக் கணக்கில் சேர்ப்பதில் நிறைய ஏமாற்று நடக்கிறது. 200 மீட்டர் சுற்றளவில் 30 காலி இடம் இருக்கிறது என்று வரைபடத்தில் பச்சை அடித்துக் காட்டுவார்கள். மருந்துக்கடைக்கோ பேக்கரிக்கோ அது ஓரளவு எடுபடலாம். 330 மில்லி கண்ணாடி பாட்டில் 24 அடங்கிய ஒரு பீர் பெட்டி 12, 13 கிலோ இருக்கும். அதைக் கையில் ஏந்திக்கொண்டு யாரும் 200 மீட்டர் நடக்கமாட்டார்கள். வாசலுக்கு முன்னால் இரட்டை வரிசையில் நிறுத்திவிட்டு "ஒரே நிமிடம்" என்று உள்ளே ஓடுவார்கள், பின்னால் பஸ் நிற்கும். மதுக்கடைக்கு வாசலுக்கு மிக அருகில் உள்ள இடங்கள்தான் உண்மையான இடங்கள். சாலையோரத்தில் எண்ணவே வேண்டுமென்றால் வாசலில் இருந்து ஓரிரு கட்டட நீளத்துக்குள் இருப்பதை மட்டும் எண்ணுங்கள், அதுவும் மாலை நேரத்தில் அங்கே குடியிருப்பவர்களின் கார் வந்து நிறைந்துவிடுகிறதா என்று பார்த்த பிறகு.

கோடு போட்டால் இடம் ஆகிவிடாது. வரைபடத்தில் 12 இருக்கும், அதில் ஒன்று குப்பைத்தொட்டிக் கூண்டின் கதவு திறக்கும் பக்கம், இன்னொன்று முட்டுச்சந்து மூலையில், உள்ளே போனால் பின்வாங்கி வெளியே வர நான்கு முறை ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டும், மூன்றாவது நுழைவாயிலை ஒட்டி, அங்கே ஒருவர் பின்னோக்கி எடுக்கும்போது அடுத்து வரும் கார் சாலையிலேயே நின்றுவிடும். உபயோகத்தில் 9 தான். பாதைக்குச் செங்குத்தாக நிறுத்தும் இடத்துக்கு ஏறக்குறைய 2.5 மீட்டர் அகலமும் 5 முதல் 5.5 மீட்டர் நீளமும், நடுவில் கார் போய்வர 6 மீட்டர் பாதையும் வேண்டும். வந்துபோவது வேகமாக நடக்கும் இந்த மாதிரிக் கடையில் அகலத்தில் கஞ்சத்தனம் செய்தால் கதவைத் திறந்து பெட்டி ஏற்றும் ஒவ்வொருவரும் அரை நிமிடம் கூட எடுப்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் எண்ணிக்கையில் அடங்கும், ஆனால் எல்லோருக்குமான இடமாக அதைக் கணக்கில் காட்டக் கூடாது. அமெரிக்கச் சட்டப்படி 25 இடம் வரை உள்ள வளாகத்தில் குறைந்தது ஒன்று, 26 முதல் 50 வரை இரண்டு. அது வாசலுக்கு மிகக் குறுகிய, படியில்லாத, சரிவு குறைந்த வழியில் இருக்க வேண்டும்.

சரக்கு வண்டியை மறந்துவிட்டுப் போடப்பட்ட திட்டங்கள் ஏராளம். பீரும் ஒயினும் கனமான சரக்கு, மரப்பலகைத் தட்டுகளில் அடுக்கி வரும், பின்கதவில் தூக்குமேடை உள்ள லாரி வேண்டும், இறக்குவதற்கு லாரிக்குப் பின்னால் இன்னும் சில மீட்டர் சமதளம் வேண்டும். தனி இறக்குமிடம் இல்லையென்றால் லாரி நிற்கும்போது எத்தனை கார் இடம் மறைகிறது என்று வரைந்து காட்டிவிட்டு, வண்டி வரும் நேரத்தைக் காலைக்கு ஒதுக்குவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். பல நிறுவனங்களிடம் இருந்து சரக்கு வாங்கும் கடைக்கு ஒரே நாளில் பல லாரி வரலாம் என்பதையும் பார்க்க வேண்டும்.

வணிக வளாகத்துக்குள் வரும் கடையென்றால் பகிர்ந்துகொள்ளும் பார்க்கிங் நல்ல வாதம். பல் மருத்துவர், வங்கி, அலுவலகம் போன்றவை மாலையில் காலியாகும் நேரத்தில்தான் மதுக்கடை உச்சத்தை எட்டுகிறது. உணவகமோ உடற்பயிற்சிக் கூடமோ பக்கத்தில் இருந்தால் கதை தலைகீழ், எல்லோரும் ஆறரை மணிக்குத்தான் வருவார்கள். மணிவாரியாக ஒவ்வொரு கடைக்கும் எத்தனை கார் என்று அட்டவணை போட்டு, கூட்டுத்தொகை எந்த மணிக்கு அதிகம் என்று காட்டுவதுதான் முறை. ஒவ்வொரு கடையின் உச்சத்தையும் தனித்தனியாகக் கூட்டினால் தேவை வீணாக ஊதிவிடும். அடுத்த மனைக்காரரின் இடத்தை நம்பினால் வாய்மொழி நட்பு போதாது. மனை கைமாறினாலும் செல்லும்படியாகப் பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும்.

நடந்து வருவார்கள், அதனால் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பவர்கள் அதையும் எண்ணிக் காட்ட வேண்டும். ஒப்பிட்ட கடையில் வாசலில் நுழைந்தவர்களில் எத்தனை பேர் காரில் வந்தார்கள் என்பது அதே ஆள் அதே தாளில் எழுதக்கூடிய விஷயம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப் ஓட்டுநர்கள் வாடிக்கையாளரைக் குறைப்பது உண்மைதான், ஆனால் ஆர்டருக்காக அவர்கள் வாசலில் காத்துக் கிடப்பதும் உண்மை. அவர்களுக்கென்று ஓரமாக ஓரிரு இடம் குறித்துவிடுவது நல்லது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். "எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்று ஆட்சேபிப்பவர்கள் நினைக்கிறார்கள். நகரும் பாதையையும் சேர்த்தால் ஒரு கார் இடத்துக்குச் சுமார் 30 சதுர மீட்டர் போகிறது. நம் உதாரணத்தில் 12 காருக்கு 360 சதுர மீட்டர், கடையைவிடப் பெரியது. அதை 20 ஆக்கினால் 600. இரவில் காலியாகக் கிடக்கும் பெரிய தார்த்தரை, அதுவும் மதுக்கடை வாசலில், காருக்குள் உட்கார்ந்து குடிக்கிறவர்களுக்கு வசதியான இடமாக மாறிவிடும். குடியிருப்பவர்களின் பெரிய பயமே அதுதான். அளவான பார்க்கிங், கல்லாவில் இருந்து கண்ணுக்குத் தெரியும்படி, நல்ல வெளிச்சத்தோடு இருந்தால் அந்தப் பயம் ஓரளவு குறையும்.

ஆட்சேபம் எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். "இடம் போதாது" என்று மட்டும் எழுதினால் அந்தக் கடிதம் கோப்பில் தூங்கும். எந்தக் கடையில் எண்ணினீர்கள், எந்த நாள், சராசரி எத்தனை நிமிடம், உபயோகிக்க முடியாத இடங்களைக் கழித்தீர்களா, லாரி எங்கே நிற்கும் என்று கேளுங்கள். பதில் இல்லாத அறிக்கையை எந்தக் குழுவும் சுலபமாக ஏற்காது. பதில் இருந்தால் உங்கள் தெருவுக்கும் நிஜமான பாதுகாப்பு கிடைக்கும்.

கடை தரப்பு மேலே ஒரு படி போகலாம். திறந்து ஆறு மாதம் கழித்து, இரண்டு வெள்ளி, இரண்டு சனி மாலைகளில் அதே முறையில் மறுபடி எண்ணி முடிவைக் கொடுக்கிறோம் என்று அனுமதி நிபந்தனையாகத் தாங்களே முன்வந்து எழுதித் தரலாம். 95 சதவீதத்துக்குக் கீழே போனால் என்ன செய்வோம் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்: முதலில் இரண்டாவது கல்லா, அடுத்து ஊழியர்களின் கார்களை வெளியே மாற்றுவது, அதற்கும் சரிவராவிட்டால் பக்கத்து மனையில் மாலை நேரத்துக்கு மட்டும் இடம் வாடகைக்கு எடுப்பது.